தனி ஆளாக நடத்தும் மென்பொருள் தொழில்: அறிகுறியைச் சொல்லுங்கள், கோளாறைத் தேடுவோம்

முதலீட்டாளர் கிடையாது, கூட்டாளி கிடையாது, கைக்காசுதான். இப்படித் தொடங்குகிறவர்களில் நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எது சரியில்லை என்றாலும் உடனே எடிட்டரைத் திறந்து புதிதாக ஒரு ஃபீச்சர் எழுத உட்கார்ந்துவிடுவோம். தெரிந்த வேலை அதுதானே. நானும் அப்படித்தான் 7 மாதத்தைத் தொலைத்தேன். அந்தக் கதை கீழே வருகிறது.

எந்த மென்பொருள் சந்தாவிலும் 5 படிகள்: ஆள் வருவது, பதிவு செய்வது, முதல் பலனைப் பார்ப்பது, பணம் கட்டுவது, தங்குவது. கடந்த 30 நாளுக்கான 5 எண்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு படியுங்கள். என் அனுபவத்தில், வலி தெரிகிற படியில் கோளாறு இருப்பது அபூர்வம். ஒரு படி முன்னால் இருக்கும், சில சமயம் முதல் படிக்கும் முன்னால். வரிசையாகப் படிக்க வேண்டாம். உங்கள் அறிகுறிக்கு நேராகப் போங்கள்.

"சூப்பர் ஐடியா" என்கிறார்கள், காசு மட்டும் வரவில்லை

முதலில் சோதிக்க வேண்டியது நீங்கள் கேட்ட கேள்வியை. "இப்படி ஒரு ஆப் வந்தா வாங்குவீங்களா?" என்று ஆசையோடு கேட்கிறவரிடம் முகத்துக்கு நேரே "மாட்டேன்" என்று யார் சொல்வார்கள்? அந்த "கண்டிப்பா" மரியாதைக்குச் சொன்னது. அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

தனியாக இசை வகுப்பு எடுக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு கட்டணக் கணக்கு மென்பொருள் செய்யலாம் என்று நினைத்தேன். 14 பேரிடம் கேட்டேன். 12 பேர் நல்ல ஐடியா என்றார்கள். 7 மாதம் உட்கார்ந்து எழுதினேன்: வரைபடங்கள், மாதாந்திர அறிக்கை, வண்ண வண்ணமாக டேஷ்போர்டு. வெளியிட்டதும் 2 பேர் பதிவு செய்தார்கள். பணம் கட்டியவர் யாரும் இல்லை.

அதற்குப் பிறகுதான் அந்த 12 பேரில் ஒருவரிடம், "இப்ப எப்படிக் கணக்கு வச்சிருக்கீங்கன்னு காட்டுங்களேன்" என்று வீடியோ அழைப்பில் கேட்டேன். நோட்டுப் புத்தகத்தை கேமரா முன் பிடித்தார். மாணவருக்கு ஒரு பக்கம், மாதத்துக்கு ஒரு கட்டம், பணம் வந்தால் சிவப்பு மையில் ஒரு டிக். சில பக்கங்களின் மூலை மட்டும் மடித்திருந்தது. அது என்ன என்றேன்.

"இவங்ககிட்ட பாக்கி கேக்கணும். மடிச்சு ரெண்டு மாசம் ஆச்சு."

"கேக்க வேண்டியதுதானே?"

"பிள்ளைக்குப் பாட்டு சொல்லிக் குடுத்துட்டு, கூட்டிட்டுப் போக வர்ற அம்மாகிட்ட காசு கேக்க எனக்கு வாய் வரல."

கணக்கு வைப்பது அவருக்குப் பிரச்சினையே இல்லை. நோட்டு அந்த வேலையைப் பிரமாதமாகச் செய்துகொண்டிருந்தது. கேட்பதுதான் பிரச்சினை. என் 7 மாத உழைப்பில் பாக்கியைக் கேட்கும் வசதி ஒன்றுகூட இல்லை.

ஆகவே, சரிசெய்யும் முறை. "வாங்குவீங்களா" என்று வருங்காலத்தைக் கேட்பதை விட்டு, நடந்து முடிந்ததைக் கேளுங்கள். இந்தத் தொல்லை கடைசியாக எப்போது வந்தது? அன்று என்ன செய்தீர்கள்? இதைச் சமாளிக்க இதுவரை எதற்காவது காசு செலவழித்திருக்கிறீர்களா? முடிந்தால் வாயால் சொல்வதோடு விடாமல் காட்டச் சொல்லுங்கள். மடித்த மூலையைப் பற்றி எந்த ஆசிரியரும் தானாகச் சொல்லியிருக்க மாட்டார்.

அடுத்தது, கோட் எழுதும் முன்பே காசைக் கேட்பது. சமூக ஊடகப் பதிவுகளை நேரம் குறித்து வெளியிடும் பஃபர் என்ற மென்பொருளைத் தொடங்கிய ஜோயல் காஸ்கோய்ன் 2010-ல் செய்தது இதன் எளிய வடிவம். முதலில் பொருளை விளக்கும் ஒரு பக்கம்; பொத்தானை அழுத்தினால் "இன்னும் தயாராகவில்லை, மின்னஞ்சல் கொடுங்கள்" என்ற இரண்டாவது பக்கம். ஆள் சேர்வதைப் பார்த்ததும் இரண்டுக்கும் நடுவே விலைப்பட்டியலைச் செருகினார். விலையைப் பார்த்த பிறகும் அழுத்துகிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் மென்பொருளை எழுதினார். இதிலும் அழுத்துவது வேறு, பணம் கட்டுவது வேறு. நான் அதற்கு அடுத்த படிக்கும் போனேன்: 3 ஆசிரியர்களிடம் ஒரு மாதக் கட்டணம் முன்பணமாக வாங்கி, பாக்கி நினைவூட்டல்களை நானே கையால் தட்டச்சு செய்து அனுப்பினேன். மாதக் கடைசியில் மூவரும் மறுமாதத்துக்கும் கட்டினார்கள். அதன் பிறகே எடிட்டரைத் திறந்தேன்.

"90 சதவீதம் முடிந்துவிட்டது" என்று மூன்றாவது மாதமாகச் சொல்கிறீர்கள்

இது தொழில்நுட்பக் கோளாறு இல்லை, பயம். வெளியிட்டால் "வேண்டாம்" என்ற பதில் வந்துவிடுமே! மீதி 10 சதவீதத்தில் என்ன இருக்கிறது என்று பட்டியல் போடுங்கள். டார்க் மோடு, குழுக் கணக்கு, நிர்வாகத் திரை, சந்தா ரத்துப் பொத்தான்: முதல் 10 பேருக்கு இவற்றை எல்லாம் நீங்களே கையால் செய்து கொடுக்கலாம். பணம் வாங்கும் வழியும் பேக்கப்பும் மட்டும் முதல் நாளே வேண்டும். பேக்கப் எடுத்தால் போதாது, ஒரு முறை வெறும் சர்வரில் மீட்டுப் பாருங்கள். ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டே வேலை செய்கிறவர்களுக்கு ஊர்களை ஒப்பிட்டுக் காட்டும் தளம், பீட்டர் லெவல்ஸின் நோமேட் லிஸ்ட். அது 2014-ல் யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய ஒரு கூகுள் ஷீட்டாகத்தான் தொடங்கியது. விரிதாளில் தொடங்குவது வெட்கப்படுகிற விஷயம் இல்லை.

ஆட்கள் வருகிறார்கள், பதிவு செய்வதில்லை

எத்தனை பேர் வந்தார்கள்? 40 பேர் என்றால் தளத்தில் கை வைக்காதீர்கள். வருகிறவர்களில் 2 சதவீதம் பேர் பதிவு செய்யக்கூடிய நல்ல பக்கமாகவே இருக்கட்டும். அப்போதும் 40 பேரில் ஒருவர்கூடப் பதிவு செய்யாமல் போக ஏறக்குறைய 45 சதவீத வாய்ப்பு இருக்கிறது. நாணயம் சுண்டுகிற மாதிரிதான். 150 பேர் வந்தும் பூஜ்யம் என்றால் அந்த வாய்ப்பு 5 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அப்போதுதான் "இந்தப் பக்கம் 2 சதவீதம்கூடத் தேறாது" என்று கொஞ்சம் தைரியமாகச் சொல்லலாம். எண்ணிக்கை சின்னதாக இருக்கும்போது பொத்தானின் நிறத்தை மாற்றிவிட்டு ஒப்பிட்டுப் பார்ப்பதெல்லாம் பொழுதுபோக்கு.

150-ஐத் தாண்டிவிட்டதா? வந்தவர்கள் யார் என்று பாருங்கள். வெளியீட்டு நாளில் வந்த கூட்டத்தில் பாதி உங்களைப் போன்ற நிரலாளர்கள், எப்படிக் கட்டியிருக்கிறான் என்று எட்டிப் பார்க்க வந்தவர்கள். அவர்கள் வாழ்த்துச் சொல்வார்கள், வாங்க மாட்டார்கள். சரியான ஆட்கள்தான் வருகிறார்கள் என்றால் முதல் வரியை மாற்றுங்கள். என் பக்கத்தில் "ஆசிரியர்களுக்கான முழுமையான கட்டண மேலாண்மைத் தீர்வு" என்று இருந்தது. பிறகு "பாக்கியை நாங்கள் கேட்கிறோம், நீங்கள் பாட்டு சொல்லிக் கொடுங்கள்" என்று மாற்றினேன். இரண்டாவது வரி நான் யோசித்து எழுதியதே இல்லை. ஆசிரியர்கள் என்னிடம் பேசியதிலிருந்து பொறுக்கியது.

பதிவு செய்தார்கள், மறுநாளிலிருந்து ஆளைக் காணோம்

முதல் சந்தேகம் உங்கள் மின்னஞ்சல் மீது விழட்டும். கேட்கச் சப்பென்று இருக்கும், ஆனாலும் முதலில் இதைச் செய்யுங்கள். ஜிமெயில், யாகூ, அவுட்லுக், ஒரு அலுவலக முகவரி: நான்கிலும் புதிதாகப் பதிவு செய்து பாருங்கள். சரிபார்ப்பு அஞ்சல் எத்தனை வினாடியில் வருகிறது? இன்பாக்ஸுக்கா ஸ்பாமுக்கா? உங்கள் டொமைனின் டிஎன்எஸ் அமைப்பில் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் (அஞ்சல் நிஜமாகவே உங்களிடமிருந்துதான் வந்தது என்று காட்டும் பதிவுகள்) சரியாக இருக்கின்றனவா? 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாகூவும் இதில் கறாராகிவிட்டன. ஒரு நாளில் 5,000 அஞ்சலுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு மூன்றும் கட்டாயம் என்பது ஜிமெயிலின் விதி. நாளைக்கு 20 அஞ்சல் அனுப்பும் சின்ன ஆளுக்கும் எஸ்பிஎஃப், டிகிம் இரண்டில் ஒன்றாவது வேண்டும். மூன்றையும் போட அரை மணி நேரம் ஆகும், போட்டு முடித்துவிடுங்கள். என்னிடம் பதிவு செய்தவர்களில் ஒரு பகுதியினர் உள்ளே நுழையவே இல்லை என்பதை இரண்டு வாரம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன். அதுவரை "ஆன்போர்டிங் சரியில்லை" என்று, புதியவரைப் பழக்கும் திரைகளைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

அஞ்சல் ஒழுங்காகப் போகிறது என்றால், உள்ளே நுழைந்ததும் என்ன தெரிகிறது? பெரும்பாலான மென்பொருள்களில் காலித் திரை. "உங்களிடம் 0 மாணவர்கள்." நீங்கள் சோதிக்கும் கணக்கில் 300 மாதிரிப் பதிவுகள் நிரம்பி இருப்பதால் இந்தக் காலியை நீங்கள் பார்ப்பதே இல்லை. வருகிறவர் 30 பெயர்களைத் தட்டச்சு செய்தால்தான் ஏதாவது நடக்கும் என்றால், அவர் அப்புறம் செய்யலாம் என்று மூடிவிடுவார். அந்த அப்புறம் வருவதில்லை. நான் செய்த மாற்றம் ஒன்றுதான்: ஒரே ஒரு பெயரும் ஒரே ஒரு பாக்கியும் கேட்டு, நினைவூட்டல் எப்படிப் போகும் என்று உடனே அவருடைய அலைபேசிக்கே அனுப்பிக் காட்டினேன். மற்ற 29 பெயர்களை நோட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி நானே ஏற்றினேன்.

இதெல்லாம் ஆன பிறகும் புரியவில்லை என்றால், ஒருவரைத் திரையைப் பகிரச் சொல்லி, வாயைத் திறக்காமல் 20 நிமிடம் பாருங்கள். வாயைத் திறக்காமல் இருப்பதுதான் கஷ்டம்.

"பணம் கட்டிவிட்டேன், கணக்கு திறக்கவில்லை"

இந்தப் பட்டியலில் நிஜமாகவே கோட் கோளாறு இது ஒன்றுதான், சந்தோஷமாக எடிட்டரைத் திறக்கலாம். பணம் கட்டியவர் உங்கள் தளத்துக்குத் திரும்பி வரும் பக்கத்தை நம்பிக் கணக்கைத் திறக்கிறீர்கள். அவர் பாதியில் டேபை மூடிவிட்டார். பணம் வந்ததும் கட்டணச் சேவை நேராக உங்கள் சர்வருக்கு அனுப்பும் தகவலை, அதாவது வெப்ஹூக்கை, வைத்துத் திறங்கள். ஒரே நிகழ்வு இரண்டு தடவை வரலாம், ஆகவே நிகழ்வு எண்ணைச் சேமித்து, வந்ததே மறுபடி வந்தால் ஒதுக்குங்கள். உங்கள் சர்வர் படுத்திருந்தால் ஸ்ட்ரைப் என்ற கட்டணச் சேவை 3 நாள் வரை திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கும்; அதற்குள் எழுந்துகொள்ள வேண்டும்.

"விலை அதிகம்" என்கிறார்கள்

யார் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. இலவச டிரயலில் எதையுமே செய்யாமல் 14 நாளைக் கழித்தவர் சொன்னால் அது விலையைப் பற்றிய பேச்சு இல்லை. பலன் தெரியவில்லை என்பதை நாகரிகமாகச் சொல்கிறார். மேலே "பதிவு செய்தார்கள், மறுநாளிலிருந்து ஆளைக் காணோம்" பகுதிக்குப் போங்கள். நன்றாகப் பயன்படுத்தியவர் சொன்னால், "இதற்கு முன்பு இந்த வேலையை எப்படிச் செய்தீர்கள், அதற்கு என்ன செலவானது?" என்று கேளுங்கள். அந்தச் செலவைவிட உங்கள் விலை கூடுதலாக இருந்தால் மட்டும் அது உண்மையான விலைப் பிரச்சினை.

யாருமே "விலை அதிகம்" என்று சொல்வதில்லை என்றால்? அதுவும் ஓர் அறிகுறிதான், எனக்கு அதுதான் இருந்தது. புதிதாக வருகிறவர்களுக்கு மட்டும் விலையை இரண்டு மடங்காக்கினேன், பழையவர்களுக்குப் பழைய விலையே. பதிவு குறையும் என்று பயந்த அளவுக்குக் குறையவில்லை. அதோடு குறைந்த விலைக்கு வந்தவர்களைவிட இவர்கள் கேள்வி கேட்டுத் தொல்லை செய்வதும் குறைவு. ஏன் என்று இன்றுவரை ஒரு தெளிவான விளக்கம் என்னிடம் இல்லை.

இலவசத் திட்டம் வைக்கலாமா என்று கேட்கிறவர்கள் உதாரணம் காட்டுவது பெரும்பாலும் மெயில்சிம்ப், மொத்தமாக மின்னஞ்சல் அனுப்பும் சேவை. அது 2001-ல் தொடங்கிய கட்டணச் சேவை. இலவசத் திட்டம் வந்தது 2009-ல், 8 வருடம் காசு வாங்கிப் பழகிய பிறகு. வெளி முதலீடு வாங்காமலே வளர்ந்து 2021-ல் ஏறக்குறைய 1,200 கோடி டாலருக்கு இன்ட்யூட் என்ற கணக்கு மென்பொருள் நிறுவனத்தின் வசம் போனது. அந்த 8 வருடத்தை விட்டுவிட்டு இலவசத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் மிஞ்சுவது சர்வர் செலவு.

மாதாமாதம் புதியவர்கள் வருகிறார்கள், மொத்தம் மட்டும் ஏறவில்லை

இதற்கு ஒரே ஒரு வகுத்தல் கணக்கு போதும். மாதம் 10 பேர் புதிதாக வருகிறார்கள், இருப்பவர்களில் 5 சதவீதம் பேர் மாதாமாதம் போகிறார்கள் என்று வைப்போம். 10-ஐ 0.05-ஆல் வகுத்தால் 200. அதுதான் உங்கள் கூரை. 200 பேர் சேர்ந்ததும் வருகிற 10-க்கும் போகிற 10-க்கும் சரியாகிவிடும், எத்தனை வருடம் உழைத்தாலும் அதைத் தாண்டாது. மாதம் 5 சதவீதம் என்பது சின்ன எண்ணாகத் தோன்றும். 12 மாதத்தில் பழைய வாடிக்கையாளர்களில் 46 சதவீதம் பேர் காலி.

இப்போது இரண்டு வழி. விளம்பரத்தில் முட்டி மோதி மாதம் 15 பேரைக் கொண்டுவந்தால் கூரை 300 ஆகும். போகிறவர்களை 5-லிருந்து 3 சதவீதமாகக் குறைத்தால், அதே 10 பேரை வைத்தே 333. இரண்டாவது வழிக்கு விளம்பரச் செலவு இல்லை. ஆனால் போனவர்களோடு பேச வேண்டும், அதனால்தான் நாம் முதல் வழிக்கு ஓடுகிறோம்.

பேசும் முன், போனவர்களை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு சாரார் போகவே இல்லை. கார்டு காலாவதியாகிவிட்டது, அல்லது வங்கி மறுத்துவிட்டது. கட்டணம் தோற்ற முதல் நாளே கணக்கைப் பூட்டாதீர்கள். இரண்டு மூன்று வாரம் மீண்டும் மீண்டும் முயற்சி செய்து, ஒவ்வொரு முறையும் கார்டை மாற்ற நேரடி இணைப்போடு ஓர் அஞ்சல் அனுப்புங்கள்.

மற்றவர்களிடம், ரத்துசெய்யும் இடத்தில் 6 விருப்பங்கள் கொண்ட படிவம் வைக்காமல் ஒரே ஒரு காலிப் பெட்டி வையுங்கள்: "எதனால் போகிறீர்கள்?" எனக்கு வந்த பதில்களில் பாதி, "என்னிடம் 4 மாணவர்கள்தான், எனக்கு இது தேவைப்படவில்லை." அவர்களை உள்ளே இழுத்தது என் விளம்பர வாசகம்தான், "எல்லா ஆசிரியர்களுக்கும்" என்று அதில் எழுதியிருந்தேன். கடைசிப் படியில் தெரிந்த ஒழுகலுக்கு ஓட்டை முதல் படியில். "15 மாணவர்களுக்கு மேல் உள்ளவர்களுக்கு" என்று மாற்றினேன். பதிவு குறைந்தது, மூன்றாவது மாதத்திலிருந்து மொத்தம் ஏறத் தொடங்கியது.

இருப்பவர்களை அளக்க, புதுத் தொழில்களின் வளர்ச்சி பற்றி எழுதும் ஷான் எல்லிஸ் பரப்பிய ஒரு கேள்வி உண்டு: "நாளையிலிருந்து இது இல்லை என்றால் எப்படி இருக்கும்?" "மிகவும் ஏமாற்றமாக இருக்கும்" என்று 40 சதவீதம் பேராவது சொன்னால் பிடிப்பு இருக்கிறது என்பது அவர் வைத்த கோடு. அந்தக் கோட்டைவிட எனக்குப் பயன்பட்டது அப்படிச் சொன்னவர்கள் யார் என்பது. எல்லாரும் 15 மாணவர்களுக்கு மேல் உள்ளவர்கள்.

வருமானத்தில் பாதி ஒரே வாடிக்கையாளரிடமிருந்து

அவர் கேட்பதையெல்லாம் செய்கிறீர்கள், மற்றவர்களுக்கு அது எதற்கென்றே தெரியவில்லை. நீங்கள் நடத்துவது மென்பொருள் வியாபாரம் இல்லை, சம்பளம் குறைவான வேலை. அவருக்கான வேலைக்குத் தனியாக, மணிக்கணக்கில் கட்டணம் போடுங்கள். இன்னும் 2 பேர் கேட்டால் மட்டும் பொதுப் பதிப்பில் சேர்க்கலாம். மறுத்தால் போய்விடுவார் என்ற பயம் நியாயமானதுதான். அதனால் முதலில் பாதியை மூன்றிலொரு பங்காக்கும் வரை பல்லைக் கடித்துக்கொண்டு மற்ற வாடிக்கையாளர்களைச் சேர்த்துக்கொண்டிருங்கள்.

வாரம் முழுக்கப் போகிறது, எதிலும் முன்னேற்றம் இல்லை

ஒரு வாரம் எங்கே போனது என்று மணிக்கணக்கில் எழுதிப் பாருங்கள். எனக்கு இரண்டு இடத்தில் போனது. ஒன்று, ஒரே 6 கேள்விகளுக்குத் திரும்பத் திரும்பப் பதில். உதவிப் பக்கம் எழுதினால் பாதிதான் குறையும். அந்தக் கேள்வியை எழுப்புகிற திரையைத் திருத்தினால் கேள்வியே வராது. இரண்டு, வரி. பல நாடுகளில் மென்பொருள் விற்பனைக்கு வாங்குகிறவர் இருக்கும் நாட்டின் வரி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015 ஜனவரி 1 முதல் தனிநபர்களுக்கு விற்கும் மின்னணுச் சேவைகளுக்கு அப்படித்தான். தனி ஆளாக இதைத் துரத்த முடியாது. பேடில் போன்ற சேவைகள் சட்டப்படி தாங்களே விற்பனையாளராக நின்று வரியைக் கட்டிவிடும், அதற்குக் கொஞ்சம் கூடுதல் கமிஷன். நான் அதை மனதாரக் கொடுக்கிறேன்.

இப்போது பார்க்கும் வேலையை விடலாமா என்று கேட்டால், அவசரம் வேண்டாம். 37சிக்னல்ஸ் நிறுவனம் 2004-ல் பேஸ்கேம்ப் என்ற திட்ட மேலாண்மை மென்பொருளை வெளியிட்டபோது வாடிக்கையாளர்களுக்கு வலைத்தளம் வடிவமைத்துக் கொடுக்கும் நிறுவனமாகத்தான் இருந்தது.

எல்லாவற்றையும் செய்தாயிற்று, ஒன்றும் நகரவில்லை

நிறுத்துவதற்கான கோட்டை மனசு தெளிவாக இருக்கும் நாளில் போட்டுவிடுங்கள்: இன்ன தேதிக்குள், முன்பின் தெரியாத இத்தனை பேர், முழு விலை கொடுத்து. நண்பர்களையும் தள்ளுபடியில் வந்தவர்களையும் எண்ணாதீர்கள். தேதியை ஒரு முறை தள்ளிப் போடலாம், இரண்டாவது முறை கூடாது. நான் பிறகு செய்த இன்னொரு மென்பொருள் இந்தக் கோட்டில் தோற்றது, மூடினேன்.

மூடுவதற்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் புதிய பதிவை நிறுத்துங்கள். 60 நாள் முன்னறிவிப்பு, தரவை விரிதாளில் திறக்கக்கூடிய சிஎஸ்வி கோப்பாக இறக்கும் பொத்தான், ஆண்டுச் சந்தா கட்டியவர்களுக்கு மீதி மாதப் பணம் திருப்பி. எல்லாம் முடிந்து சர்வரை அணைத்த பிறகும் டொமைனை மட்டும் சில வருடம் புதுப்பித்துக்கொண்டிருங்கள். கைவிட்ட டொமைனை வேறொருவர் வாங்கினால், உங்கள் பழைய முகவரிக்கு வரும் அஞ்சல் எல்லாம் அவருக்குப் போகும். அதில், அந்த முகவரியை வைத்து நீங்கள் திறந்த மற்ற கணக்குகளின் கடவுச்சொல் மாற்றும் இணைப்புகளும் இருக்கும்.